சீட்டு இல்லாத மருந்து: அமெரிக்கப் பள்ளி நர்ஸும் வீட்டு வைத்தியமும்

அமெரிக்கப் பள்ளிகளில் நர்ஸ் வேலை நியூயார்க்கில் 1902 அக்டோபரில் தொடங்கியது. ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்னும் சேவை இல்லத்தை நடத்திவந்த லிலியன் வால்டு, தம்மிடம் பணியாற்றிய லினா ராஜர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார். 1897 முதலே பள்ளிகளுக்கு மருத்துவ ஆய்வாளர்கள் வந்துகொண்டுதான் இருந்தனர். ஆனால் பேன், சொறி, படர்தாமரை, கண்நோய் கண்ட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. அனுப்பப்பட்ட பிள்ளைக்கு மருந்து போடுவது யார் என்று கேட்க ஆளில்லை. ராஜர்ஸ் பள்ளியிலேயே மருந்து போட்டார். பிறகு வீட்டுக்கும் போய்த் தாய்க்குச் செய்து காட்டினார். 1902 செப்டம்பரில் 10,567 பிள்ளைகள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அடுத்த செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 1,101.

அந்த நர்ஸுகளுக்குத் தரப்பட்ட சிகிச்சைக் குறிப்பு சுவையானது. பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சம அளவு கலந்து தலையில் ஊறவைக்க வேண்டும்; மறுநாள் அலசிவிட்டு, ஈர் கழலச் சூடான வினிகர் தடவ வேண்டும். சிரங்குக்குக் கந்தகக் களிம்பு, கொப்புளப் புண்ணுக்குப் பாதரசக் களிம்பு. இவற்றில் பாதி, எந்தப் பாட்டியும் சொல்லக்கூடிய கைமருந்துதான். நகரச் சுகாதாரத் துறை எழுதிக் கொடுத்ததால் அது மருத்துவம் ஆயிற்று. வீட்டு மருந்துக்கும் பள்ளி மருந்துக்கும் நடுவே இருந்த கோடு, மருந்தைவிட அதை எழுதிக் கொடுத்தவரைப் பொறுத்தே விழுந்தது. இந்தக் கோடு பின்னர் பலமுறை இடம் மாறியது.

1918-இன் விஷக் காய்ச்சலின்போது, பெருங்காயத்தையோ கற்பூரத்தையோ சிறு பையில் முடிந்து பிள்ளையின் கழுத்தில் கட்டி அனுப்பிய பெற்றோர் அமெரிக்காவில் ஏராளம். நாற்றம் தாங்காமல் எவரும் அருகே வரமாட்டார்கள் என்பதால் பலன் சிறிது இருந்திருக்கலாம். பல நகரங்கள் பள்ளிகளை மூடியபோதும் நியூயார்க் மூடவில்லை; அங்கே பிள்ளைகள் தினமும் மருத்துவர், நர்ஸ் கண்காணிப்பில் இருந்தனர். அந்த முடிவை எடுத்த சுகாதார ஆணையர் ராயல் கோப்லண்ட், ஹோமியோபதி மருத்துவர். அவரே பின்னர் செனட்டராகி 1938-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். ஹோமியோபதி மருந்துநூலில் உள்ளவையும் சட்டப்படி மருந்துகளே என்ற வரி அச்சட்டத்தில் இடம்பெற்றது.

1970-களில் நர்ஸின் அலமாரி நிறையத் தொடங்கியது. உடற்குறையுள்ளோரின் உரிமை பற்றிய 1973, 1975-ஆம் ஆண்டுச் சட்டங்களால், முன்பு வீட்டோடு இருந்த நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகள் வகுப்புக்கு வந்தனர். மதிய மாத்திரையும் கூடவே வந்தது. மருத்துவர் எழுதிய சீட்டு, பெற்றோரின் ஒப்புதல், பெயர் ஒட்டிய அசல் புட்டி என்ற மூன்றும் இல்லாமல் எதையும் கொடுப்பதில்லை என்பது வழக்கமாக வேரூன்றியது. தவறாகக் கொடுத்தால் போவது நர்ஸின் உரிமம்.

புதிதாகக் குடியேறியவர்களோடு வேறு வைத்தியங்களும் வந்தன. வியட்நாமியர் காய்ச்சல் கண்ட பிள்ளையின் முதுகில் தைலம் தடவி நாணயத்தால் அழுத்தித் தேய்ப்பர். ‘காற்றைச் சுரண்டுதல்’ என்று அதற்குப் பெயர். மிஞ்சும் செந்நிறக் கோடுகள் அடித்த தழும்புபோல் தெரியும். சிறார் கொடுமை என்று ஐயம் எழுந்தால் புகார் செய்தே ஆகவேண்டும் என்ற விதி 1974-க்குப் பின் இறுகியிருந்ததால், பாசத்தில் செய்த வைத்தியம் விசாரணையில் போய் முடிந்ததுண்டு. எல்லாமே இப்படித் தீங்கற்றவை அல்ல. மெக்சிக வழிக் குடும்பங்களில் வயிற்று மந்தத்துக்குத் தரப்பட்ட அசார்கோன், கிரேத்தா என்னும் பொடிகள் ஏறக்குறைய முழுதும் ஈய ஆக்சைடு என்பது 1980-களின் தொடக்கத்தில் தெரியவந்தது.

1994-இல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம் சிக்கலை இன்னும் கூட்டியது. மூலிகை மாத்திரை, மெலடோனின் போன்றவற்றை விற்கும் முன் அவை பாதுகாப்பானவை, பயன் தருபவை என்று அரசிடம் மெய்ப்பிக்கத் தேவையில்லை. நோயைக் குணமாக்கும் என்று புட்டியில் எழுதவும் கூடாது. ஆகவே ‘மதியம் இரண்டு சொட்டு கொடுங்கள்’ என்று ஒரு தாய் கேட்டால், பிள்ளையின் எடைக்கு எவ்வளவு தகும் என்று சரிபார்க்க நர்ஸிடம் நம்பகமான அளவு இருப்பதில்லை. 2012-ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பில் 4 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் சுமார் 12 சதவீதத்தினர் ஏதோவொரு மாற்று வைத்தியத்தைப் பயன்படுத்தியிருந்தனர். பல பள்ளிகள் இயற்கை மருந்துக்கும் மருத்துவர் சீட்டைக் கேட்டன. கிடைக்காதபோது பெற்றோரே மதியம் வந்து கொடுத்துவிட்டுப் போவதுண்டு.

கஞ்சாவிலிருந்து எடுக்கும் எண்ணெயில் இதே ஏற்பாடு சட்டமாகவே ஆனது. கொலராடோ மாநிலம் 2016-இல், வலிப்பு போன்ற நோயுள்ள பிள்ளைக்குப் பெற்றோரோ பராமரிப்பவரோ பள்ளிக்கே வந்து அதைக் கொடுக்கலாம் என்றது. 2018-இல் விருப்பமுள்ள பள்ளி ஊழியரும் கொடுக்க இடமளித்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த கன்னபிடியாலை வலிப்பு மருந்தாக நடுவண் மருந்து நிர்வாகம் ஏற்றதும் அதே 2018-இல்தான். அதன்பின் மருத்துவர் சீட்டோடு வரும் அந்த மருந்துப் புட்டிக்கு நர்ஸின் பூட்டிய அலமாரியில் இடம் கிடைத்தது. கடையில் வாங்கிய கன்னபிடியால் எண்ணெய்ப் புட்டி இன்றும் பல பள்ளிகளில் தாயின் கைப்பையிலேயே திரும்பிப் போகிறது.