ஒற்றைக் கைக்கு ஒரு வில்லுக்கத்தி

கிளிநொச்சிப் பக்கம் பயிற்றைத் தோட்டம் செய்கிற அண்ணை ஒருவரைச் சில வருடங்களாகத் தெரியும். 2009இல் மாத்தளனில் விழுந்த செல்லில் அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பந்தலுக்கு நைலோன் கயிறு அறுப்பதும், உரப்பை திறப்பதும், சொட்டுநீர்க் குழாய் வெட்டுவதும் எல்லாம் சந்தையில் வாங்கிய ஒரு வில்லுக்கத்தியால்தான். அலகைப் பல்லால் கவ்வி இழுத்துத் திறப்பார். போன வருடம் ஈரக் கயிறு ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கத்தி திரும்ப மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ஐந்து தையல்.

“ரெண்டு கையும் இருக்கிறவனுக்கு அது காயம். எனக்கு ரெண்டு கிழமை மனுசி சோறு தீத்த வேண்டியதாப் போச்சு” என்றார். பிறகு, “தம்பி, நீர் இன்ரநெற் பாக்கிறனீர்தானே. கையில மடங்காத கத்தி ஒண்டு பாத்துச் சொல்லும். விலை கூடினதெண்டால் வேண்டாம்” என்றார்.

எனக்குக் கத்தி பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் போரில் கையை, விரல்களை, ஒரு கண்ணை இழந்தபிறகும் தோட்டமும் கடலும் மேசன் வேலையும் செய்து பிழைக்கிறவர்கள் வன்னியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது, இதைக் கொஞ்சம் ஒழுங்காகத் தேடலாம் என்று தோன்றியது.

முதலில் விளங்கிய விடயம், நாம் வில்லுக்கத்தி என்று வாங்குகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே கிடையாது என்பது. பெயர் சொல்வதுபோல, பிடியின் முதுகில் உள்ள வில்தகடு அலகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அலகின் முதுகுப் பக்கத்தில் போதுமான விசை பட்டால் வில் விட்டுக்கொடுத்துவிடும். கயிற்றை அறுத்துவிட்டு அலகைப் பின்னுக்கு இழுக்கும்போது சிக்கினால் நடப்பதும் அதுவே. சுவிஸிலிருந்து வருகிற மாமாமார் தருகிற சிவப்பு விக்டோரினொக்ஸ் கத்தியும் இந்த இனம்தான். சட்டைப் பையில் போடுகிற வழமையான 91 மில்லிமீற்றர் கத்தியின் அலகுக்குப் பூட்டு இல்லை. நல்ல உருக்கு, நல்ல வேலைப்பாடு, பழம் வெட்டவும் வயர் சீவவும் அருமையானது. ஆனால் நகத்தால் கிள்ளித் திறக்க இரண்டு கை வேண்டும்.

சுவிஸ் இராணுவமே இதை ஒரு கட்டத்தில் மாற்றியது. 2008இல் வந்த அவர்களுடைய புதிய சிப்பாய்க் கத்தி 111 மில்லிமீற்றர் நீளமானது. அலகில் பெருவிரல் வைக்க ஓட்டை உண்டு, பூட்டும் உண்டு. ஒரு கையால் திறக்கலாம். அதே அளவில் பொதுச் சந்தைக்கும் ஒரு கையால் திறக்கும் மாதிரிகளை விக்டோரினொக்ஸ் விற்கிறது. சொந்தக்காரர் யாராவது “என்ன கொண்டு வரட்டும்” என்று கேட்டால் இதைச் சொல்லலாம். வெறுமனே “சுவிஸ் கத்தி” என்று சொன்னால் சிவப்புச் சின்னக் கத்திதான் வந்து சேரும்.

பிரான்ஸில் இருப்பவர்கள் ஒபினெல் வாங்கி அனுப்புவார்கள். 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் தொடங்கிய மரப்பிடிக் கத்தி. அங்கே இருபது யூரோவுக்குள் கிடைக்கும். 1955இலிருந்து அதன் கழுத்தில் ஒரு உலோக வளையம் இருக்கிறது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால் மடங்காது. இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு உறுதியான பூட்டு வேறொன்றில் கிடைப்பது அரிது. இரண்டு கை உள்ளவர் கேட்டால் எட்டாம் நம்பரை, அதுவும் துருப்பிடிக்காத உருக்கு அலகு உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கார்பன் உருக்கு அலகு கூராக இருக்கும், ஆனால் முல்லைத்தீவுக் கடற்காற்றில் ஒரே இரவில் புள்ளி விழும். மழையில் நனைந்தால் மரப்பிடி ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் கையால் திறந்து, வளையத்தையும் திருகுவது அண்ணைக்குச் சரிவரவில்லை. இரவல் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம், கடைசியில் பல்லுக்கே போனார்.

அப்படியென்றால் ஒற்றைக் கைக்கு எது? இங்கேதான் பூட்டின் வகையைப் பார்க்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்புகளில் அதிகம் இருப்பது உள்தகட்டுப் பூட்டு. அலகு திறந்ததும் பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு விலகி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். திறப்பது சுகம், அலகில் உள்ள சிறு குமிழைப் பெருவிரலால் தள்ளினால் போதும். சிக்கல் மூடும்போது. தகட்டைத் தள்ளுகிற பெருவிரல் அலகு மடங்கி வரும் பாதையிலேயே இருக்கிறது. இரண்டு கை உள்ளவர் மற்றக் கையால் அலகைப் பிடித்துக்கொள்வார். ஒற்றைக் கைக்காரர் அலகைக் கொஞ்சம் மடக்கி, பெருவிரலை எடுத்து, மிச்சத்தைத் தொடையிலோ மேசையிலோ அதன் முதுகை அழுத்தி மூட வேண்டும். பழகினால் முடியும். ஆனால் இந்தப் பூட்டு வலது கைக்காரருக்கென்று செய்யப்பட்டது. இடது கை மட்டும் மிஞ்சியவர் தகட்டை ஆள்காட்டி விரலால் இழுக்க வேண்டிவரும். விற்பவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

முதுகுப் பூட்டு என்று இன்னொன்று. பிடியின் முதுகில் ஒரு அழுத்தி இருக்கும். எந்தக் கைக்கும் பொருந்தும், மண் போனாலும் அவ்வளவு கெதியில் கெடாது. அழுத்தியதும் அலகு விரல்களை நோக்கி விழும் என்பதால், அலகின் அடியில் கூரில்லாத ஒரு பகுதி விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். மடங்கும்போது முதலில் விரலில் படுவது அந்தப் பகுதியாக இருக்கும்.

நாங்கள் கடைசியில் தெரிவுசெய்தது குறுக்குக் கம்பிப் பூட்டு. பிடியின் இரண்டு பக்கமும் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பின்னுக்கு இழுத்தால் அலகு விடுபடும். இழுக்கிற விரல் அலகின் பாதைக்கு வெளியே இருக்கும், வலது கை இடது கை என்ற பேதமும் இல்லை. பெஞ்ச்மேட் என்ற அமெரிக்க நிறுவனம் 1998இல் கொண்டுவந்த இது நெடுங்காலம் விலை கூடிய கத்திகளில்தான் இருந்தது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் மலிவான கத்திகளிலும் வந்துவிட்டது. எங்கள் கணக்கில் இரண்டு மூன்று நாள் கூலி. உள்ளே இருக்கும் மெல்லிய வில்கம்பிகள் எப்போதாவது உடையலாம் என்பதுதான் குறை. இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று இருப்பதால் ஒன்று உடைந்தாலும் உடனே பூட்டு விட்டுப்போகாது, ஆனால் திருத்தும்வரை பாவிக்காமல் இருப்பது நல்லது.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். திறந்து பூட்டிய கத்தியின் பிடியை, விரல்கள் அலகின் பாதையில் வராதபடி இரு பக்கத்தாலும் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். விட்டுக்கொடுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அலகை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். மூடியிருக்கும்போது அலகு நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கத் தகட்டில் உரசக்கூடாது. மூடிய கத்தியைத் தலைகீழாகக் குலுக்கினால் திறக்கக்கூடாது. சாரத்து மடியில் செருகுகிற ஆட்களுக்கு இது முக்கியம்.

உருக்கைப் பற்றி அதிகம் மினக்கெடத் தேவையில்லை. 8சிஆர்13எம்ஓவி, 12சி27 என்று அலகில் பொறித்திருந்தால் எங்கள் வேலைக்குப் போதும். வெறுமனே “ஸ்டெய்ன்லெஸ்” என்று மட்டும் போட்டிருப்பவை பெரும்பாலும் மென்மையான உருக்கு. கெதியில் மழுங்கும், கெதியில் தீட்டவும் படும். அலகு 7, 8 சென்ரிமீற்றர் காணும். கடற்றொழிலுக்கு வலைக் கயிறு அறுக்க அரைவாசிப் பல்லுள்ள அலகு நல்லது. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும்.

தீட்டுவதற்கு ஈரத் துணியை மடித்து அதன்மேல் சாணைக்கல்லை வைத்தால் வழுக்காது, ஒரு கை போதும். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் தீட்டலாம்.

இனி, எல்லோரும் கேட்கிற கேள்வி. “பொலிஸ் பிடிச்சால்?” வாள்வெட்டுக் கும்பல்களின் கதை தினமும் வருகிற ஊரில், ஒரு இளைஞனின் பையில் கத்தி இருந்தால் சந்தேகம் வராமல் இராது. சோதனைச் சாவடிகளுக்குள் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்புப் பூச்சும், கூரான இரட்டைப் பக்க அலகும், பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கிற வகையும் வேண்டவே வேண்டாம். மழுங்கிய நுனியும் செம்மஞ்சள் அல்லது பச்சைப் பிடியும் உள்ளது பார்ப்பவருக்கே வேலைச் சாமான் என்று தெரியும், புல்லுக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். தோட்டத்துக்குப் போகும்போது மற்றச் சாமான்களோடு சேர்த்து வையுங்கள். நீதிமன்றம், சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, கோயில் திருவிழா என்று போகும்போது வீட்டில் விட்டுவிடுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு நல்லூரிலும் பைகளைச் சோதித்தார்கள். சிங்களத்தில் கேட்டால் “வத்தே வெடட்ட”, அதாவது தோட்ட வேலைக்கு, என்று சொல்லத் தெரிந்திருப்பதும் நல்லதுதான்.

வெளிநாட்டில் இருந்து வாங்கி வருபவர்களுக்கும் ஒன்று. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிபோகும், பெரிய பெட்டிக்குள் வையுங்கள். இங்கிலாந்தில் காரணமின்றி வெளியில் கொண்டு திரியக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தி மட்டுமே. ஜேர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டுகிற கத்திக்கு 2008இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே வாங்கிய கத்தியைப் பொட்டலத்தோடு வைத்திருங்கள், அங்கே பையில் போட்டுக்கொண்டு திரியாதீர்கள்.

அண்ணையின் கையில் இப்போது செம்மஞ்சள் பிடிக் கத்தி. முதல் மூன்று நாள் கூரில் ஒட்டுநாடா சுற்றித் திறந்து மூடிப் பழகினார். போன கிழமை போனபோது கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பிடி ஓட்டையில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்திருந்தார். கிளிப் சாரத்தைக் கிழிக்கிறதாம்.