சித்தன்னவாசல்: ஓவியமும் கற்படுக்கையும்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வறண்ட நிலத்தின் நடுவே நீண்டு கிடக்கிறது சித்தன்னவாசல் குன்று. விடுமுறை நாள்களில் பள்ளி மாணவரும் சுற்றுலாப் பயணிகளும் இங்குத் திரளாக வருகின்றனர். அவர்களிற் பலர் குடைவரைக் கோயிலின் ஓவியத்தைக் கண்டவுடன் திரும்பிவிடுகின்றனர். ஆயின் இக்குன்றின் சமண வரலாறு ஓவியத்தில் தொடங்கவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, குன்றின் மேலுள்ள ஓர் இயற்கைக் குகையில் அது தொடங்கிவிட்டது.

அக்குகையை மக்கள் ஏழடிப்பட்டம் என்பர். பாறைச் சரிவில் கால் வைத்து ஏறுவதற்கு வெட்டப்பட்ட படிகளால் அப்பெயர் அமைந்தது. கைப்பிடிக் கம்பிகள் உள்ள இக்காலத்திலும் அவ்வழியிற் செல்வோர் நெஞ்சில் சிறிது அச்சம் எழும். உள்ளே 17 கற்படுக்கைகள் உள்ளன. வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட அவற்றின் தலைப்பகுதி, தலையணை போலச் சற்றே உயர்த்தப்பட்டுள்ளது. படுக்கை என்னும் பெயர் பெற்றாலும் உடலுக்கு இன்பம் தரும் பொருள் எதுவும் அங்கில்லை. யாதொரு பொருளையும் தமதெனக் கொள்ளாத முனிவர்கள் மழைக்காலத்தில் தங்கவும், தவம் இயற்றவும், சல்லேகனை நோன்பிருந்து உடல் நீக்கவும் இத்தகைய குகைகளையே நாடினர்.

படுக்கைகளுள் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக் காணப்படுகிறது. எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவருக்கு, இளையர் என்பார் செய்வித்த இருக்கை என்பது அதன் கருத்து. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொலைநாட்டிலிருந்து வந்த துறவிக்கு இவ்வூர்ப்புறத்து இல்லறத்தார் உறைவிடம் அமைத்தனர் என்பதை அச்சிறு எழுத்து இன்றும் சொல்லி நிற்கிறது. முனிவரும் சிராவகரும் ஒருவரையொருவர் தாங்கிய அறநெறிக்குத் தமிழகத்திலுள்ள பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. பிற்கால எழுத்துகளில் திருநீலன், திருப்பூரணன் முதலிய பெயர்களும் படுக்கைகளின் அருகே உள்ளன. எனவே பல நூற்றாண்டுகள் கழிந்தும் இத்தலம் தவத்தோரை ஈர்த்துவந்தது எனத் தெளியலாம்.

குன்றின் மேற்குச் சரிவில் உள்ளது அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் அர்த்தமண்டபத்தின் தென்சுவரில் அரவுக் குடையின்கீழ்ப் பார்சுவநாதர் வீற்றிருக்கிறார். எதிரே வடசுவரில் ஆசாரியர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கருவறையின் பின்சுவரில் மூன்று திருவுருவங்கள் உள்ளன. இதனை மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தான் என்றே முதலில் ஆய்வாளர் கருதினர். ஆயின் முகப்பை ஒட்டிய பாறைக் கல்வெட்டு வேறு செய்தி தருகிறது. அவனிபசேகரன் என்னும் பட்டம் பூண்ட பாண்டியன் சீமாறன் சீவல்லபன் (815–862) காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்தார் என அது உரைக்கிறது. இன்று காணப்படும் ஓவியங்களும் அத்திருப்பணியைச் சார்ந்தவை என்பர்.

விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் அதில் திளைக்க, ஆடவர் மூவர் மலர் கொய்கின்றனர். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு இஃது அழகிய குளம். சமவசரணத்தை அறிந்தோர்க்கோ இது காதிகா பூமி. பகவானின் திருமொழி கேட்கச் செல்லும் பவ்வியர் கடந்து செல்லும் நிலம் அது. தூண்களில் ஆடல் மகளிரும், முடியணிந்த அரசரும் அரசியும் காட்சி தருகின்றனர்.

ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த இவ்வண்ணங்கள் 20-ஆம் நூற்றாண்டில் பெரிதும் மங்கிப்போயின. ஈரமும் வெயிலும் ஒருபுறம் கெடுக்க, அறியாதார் கைகளும் மறுபுறம் கெடுத்தன. எஞ்சியிருப்பவற்றை இந்தியத் தொல்லியல் துறை காத்துவருகிறது. எனினும் காவலர் ஒருவரால் மட்டும் ஒரு சுவரைக் காத்துவிட இயலாது. வருவோரின் அடக்கமே அதற்கு உறுதியான வேலி. தம் பெயரைப் பாறையிற் கீறிச் செல்பவர், தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாதோர் வாழ்ந்த இடத்தையே இழிவுபடுத்துகிறார்.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்குச் சித்தன்னவாசல் சற்றுத் தொலைவே. ஆயினும் ஒருமுறையேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் நன்று. வெயில் ஏறுமுன் முதலில் ஏழடிப்பட்டத்திற்கு ஏறி, கற்படுக்கைகளின் முன் சிறிது நேரம் மௌனமாக அமர்ந்திருந்து, பின்னரே ஓவியத்தைக் காணுதல் முறையாகும். படுக்கையைக் கண்டபின் தாமரைத் தடாகத்தைக் காணும் பிள்ளைக்கு, அக்குளத்தைக் கடந்து செல்லும் வழி எத்துணைத் துறவை வேண்டுவது என்பது தானே விளங்கும். பழைய கோயிலைப் புதுப்பித்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார் இளங்கௌதமன். அதன் பொருளை மறவாது பிள்ளைகளுக்கு உரைப்பதும் அத்திருப்பணியின் தொடர்ச்சியே ஆகும்.