சட்டத்துக்கு முந்தி வந்த இயந்திரம்: வாக்குப்பதிவுத் தொழில்நுட்பமும் சட்டமியற்றுவோரும்

அழுத்திய சின்னத்தை ஏழு நொடி துண்டுச்சீட்டில் காட்டும் விவிபேட் கருவி, 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் மத்திய சென்னைக்கு மட்டுமே வந்தது. அதில் அடங்கிய துறைமுகம் சட்டமன்றத் தொகுதி வாக்காளர் சீட்டைப் பார்த்தார். அதை ஒட்டிய ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை வடசென்னை வாக்காளர் பார்க்கவில்லை. கருவி எங்கெங்கே போகும் என்று முடிவு செய்தது தேர்தல் ஆணையம்; நாடாளுமன்றம் அல்ல. இந்தியாவில் இயந்திர வாக்குப்பதிவு தொடக்கம் முதலே இப்படித்தான் வளர்ந்தது.

1982 மே 19இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் வைக்கப்பட்டது. 123 வாக்குகளில் தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இயந்திரத்துக்கு இடம் தரவில்லை, ஆணையம் தன் அதிகாரத்தால் அந்தச் சட்டத்தை மீறவும் முடியாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்றம் 1988 டிசம்பரில் 61-ஏ என்ற ஒரே பிரிவைச் சேர்த்தது. எந்தத் தொகுதியில் இயந்திரம் என்பதை ஆணையமும், எப்படி வாக்களிப்பது என்பதை விதிகளும் முடிவு செய்யும். இயந்திரத்துக்குள் இருக்கும் நிரலை யார் சோதிப்பது என்று அந்தப் பிரிவு பேசவில்லை. பிற்காலச் சச்சரவுகள் அனைத்தும் இந்த மௌனத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு.

1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு இயந்திரத்தைத் தொழில்நுட்ப வல்லுநர்கள் ஆராய வேண்டும் என்றது, எஸ். சம்பத் தலைமையிலான குழு ஆராய்ந்து ஒப்புதல் தந்தது. அரசியலர் கேட்க, அறிஞர் விடை சொன்ன அந்த நல்ல வழக்கம் நிலைக்கவில்லை. 2001இல் தமிழகம் முழுவதும் இயந்திரம் வந்தபோது அதை எதிர்த்து அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனது, வழக்கு தள்ளுபடியானது. 2010இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்கிரைப் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் உண்மையான இயந்திரமொன்றின் காட்சிப்பலகையை மாற்றி முடிவைத் திரிக்கலாம் என்று காட்டினர். அதற்கு இயந்திரம் கைக்குக் கிடைக்க வேண்டும். சீலும் காவலும் அதைத் தடுக்கும் என்றது ஆணையம். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் காகிதச் சான்று வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2013 ஆகஸ்டில் விவிபேட்டுக்கு இடமளித்து விதி திருத்தப்பட்டது. அக்டோபரில் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் காகிதச் சான்று இன்றியமையாதது என்ற உச்ச நீதிமன்றம் விவிபேட்டைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது.

சீட்டு வந்தது, எத்தனை சாவடிகளில் எண்ணுவது? சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் ராஜீவ கரந்திகர் இடம்பெற்ற வல்லுநர் குழு, நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களின் சீட்டுகளை எண்ணினால் போதும் என்றது. முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டியோ, ஒவ்வொரு தொகுதியின் முடிவும் தனியானது, மாதிரியும் தொகுதிவாரியாகவே வேண்டும் என்று வாதிட்டார். அவர் பக்கமே வலு அதிகம். ஒரு தொகுதியின் 250 இயந்திரங்களில் 5 பழுதென்று கொண்டால், 5 மட்டும் சோதிக்கும்போது பழுதானவை எதுவும் அகப்படாமல் போக ஏறத்தாழ நூற்றுக்கு 90 வாய்ப்பு உண்டு. நாடாளுமன்றக் குழு இருதரப்பையும் அழைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. முடிவானதோ நீதிமன்றத்தில்: 2019 ஏப்ரலில், ஒன்றாக இருந்த எண்ணிக்கை சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்தானது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட வடசென்னைக்கு 30 சாவடிகள்.

2024 ஏப்ரல் 26இல் எல்லாச் சீட்டுகளையும் எண்ணும் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் சின்னம் ஏற்றும் கருவிகளைச் சீலிட்டு 45 நாள் காக்கச் சொன்னது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஏழு நாளுக்குள் கட்டணம் செலுத்திக் கேட்டால், 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தைச் சோதிக்கவும் வழி செய்தது. தோற்றவருக்குக் கிடைத்த இந்த உரிமை 61-ஏ பிரிவில் இன்னும் எழுதப்படவில்லை.