கத்தி பிடித்தவர்கள் தந்த சொற்கள்

பிரெஞ்சு மொழியில் உடல்நலம் பற்றிப் பேசக் கற்றுக்கொள்பவர் முதல் வாரத்திலேயே ஒரு விசித்திரத்தைச் சந்திக்கிறார். கல்லீரலுக்கு அங்கே ‘ஃபுவா’ என்று பெயர். ஆனால் கல்லீரல் அழற்சி ‘எபாத்தீத்’. தோல் ‘போ’, தோல் மருத்துவர் ‘தெர்மத்தொலோக்’. சிறுநீரகம் ‘ரேன்’, அதற்கான மருத்துவர் ‘நெஃப்ரொலோக்’. உறுப்புக்கு ஒரு சொல், அதன் நோய்க்கும் மருத்துவருக்கும் முற்றிலும் வேறொரு வேர்ச்சொல். ஒன்று பேச்சுச் சொல், மற்றது அறிவியல் சொல், எல்லா மொழியிலும் உள்ளதுதானே என்று பாடநூல்கள் இதைக் கடந்துவிடுகின்றன. இது அவ்வளவு இயல்பாக நேர்ந்துவிட்ட ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. லத்தீன் படித்தவர்களுக்கும் கத்தி பிடித்தவர்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நின்ற ஒரு வேலியின் தடம் அது. அந்த வேலியைத் தாண்டிப் பிரெஞ்சை மருத்துவத்துக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு கீழ்வரிசையில் வைக்கப்பட்டவர்களுடையது.

முதலில் சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். லத்தீன் நூல்களில் கல்லீரல் ‘யேகூர்’. ஆனால் ரோமானியர் அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த விலங்கின் ஈரலை விரும்பி உண்டனர். அந்தப் பண்டத்தின் பெயரில் இருந்த, அத்தியைக் குறிக்கும் ‘ஃபிகாத்தும்’ என்ற அடைமொழியே நாளடைவில் ஈரலுக்குப் பெயராகி, பிரெஞ்சில் ‘ஃபுவா’ என்று தேய்ந்தது. தலையைக் குறிக்கும் ‘தேத்’ லத்தீனில் மண்பானையையும் ஓட்டையும் குறித்த ‘தெஸ்தா’விலிருந்து வந்தது, நாம் ‘மண்டை ஓடு’ என்பதைப் போல. நோயாளி என்று பொருள்படும் ‘மலாட்’ என்ற சொல்லோ ‘மோசமான நிலையில் இருப்பவர்’ என்ற தொடரின் சுருக்கம். சமையற்கட்டிலும் தெருவிலும் பிறந்த சொற்கள் இவை. இவற்றை வைத்து மருத்துவம் எழுத முடியாது என்பதுதான் பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடாக இருந்தது.

பாரிஸ் மருத்துவப் பீடம் லத்தீனில் கற்பித்தது, லத்தீனில் தேர்வு வைத்தது. அங்கே பட்டம் பெற்றவர் நாடி பார்ப்பார், நூல் வாசிப்பார். இரத்தத்தில் கை வைப்பதைத் தாழ்வாக நினைப்பார். கட்டியைக் கீறுவது, எலும்பைப் பொருத்துவது, குருதி வடிப்பது எல்லாம் அறுவையாளர்களுக்கும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட நாவிதர்களுக்கும் விடப்பட்டன. நாவிதர் சமூகத்தையே ‘மருத்துவர்’ என்று அழைத்த தமிழருக்கு இந்த ஏற்பாடு விளங்காமல் போகாது. பிரான்சின் இந்த அறுவையாளர், நாவிதர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த மொழி பிரெஞ்சு மட்டுமே. அவர்களுக்கும், பிரபுக்கள் வீடுகளுக்கும் பயன்படவென்று பிரெஞ்சு மருத்துவ நூல்கள் முன்பே தோன்றியிருந்தன. 1256 அளவில் ஆல்தெப்ராந்தேன் என்ற மருத்துவர் உடலைப் பேணும் முறை பற்றிப் பிரெஞ்சில் எழுதினார். ஆன்ரி தெ மோந்தெவிலின் அறுவை நூல் 1314இல் பிரெஞ்சாக்கப்பட்டது. ஆனால் இவை பீடத்தின் வாசலுக்கு வெளியே புழங்கிய நூல்கள்.

மொழிமாற்றத்தைச் செய்தது அரசாணைதானே என்று ஒருவர் கேட்கலாம். முதலாம் பிரான்சுவா மன்னர் 1539இல் வில்லேர்-கொத்தரேயில் பிறப்பித்த ஆணை நீதிமன்ற நடவடிக்கைகளும் ஆவணங்களும் பிரெஞ்சிலேயே இருக்க வேண்டும் என்றது உண்மை. ஆனால் அது சட்டத்தின் மொழியைப் பற்றிய ஆணை. மருத்துவப் பீடத்தை அது தொடவில்லை. பீடம் அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் லத்தீனை விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், மன்னரின் ஆணைக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துச்சீட்டுக்கும் பிரெஞ்சில் பெயர் ஒன்றே: ‘ஓர்தொனான்ஸ்’. அரசரின் ஓர்தொனான்ஸ் மாற்றாத ஒன்றை மாற்றியது போர்க்களம்.

நாவித அறுவையாளராகத் தொழில் பழகிய அம்ப்ருவாஸ் பாரே, 1530களின் பிற்பாதியில் பிரெஞ்சுப் படையோடு இத்தாலிக்குப் போனார். துப்பாக்கிக் காயம் நஞ்சேறியது, அதைக் கொதிக்கும் எண்ணெயால் சுட வேண்டும் என்பது அன்றைய பாடம். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோனது. முட்டை மஞ்சள்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து மிஞ்சியவர்களுக்குப் பூசினார் பாரே. மறுநாள் காலை எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்தார்கள். குழம்பு பூசப்பட்டவர்கள் வலி குறைந்து உறங்கியிருந்தார்கள். இந்த அனுபவத்தை வைத்து 1545இல் அவர் வெளியிட்ட நூல் பிரெஞ்சில் இருந்தது. லத்தீன் தெரியாத நிலையிலும் 1554இல் செங்-கோம் அறுவையாளர் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1575இல் அவருடைய மொத்த எழுத்துகளும் தொகுப்பாக வந்தபோது, தன் ஒப்புதலின்றி அது விற்கப்படக் கூடாது என்று பீடம் வழக்குக்கே போனது. அதையும் மீறி நூல் மறுபதிப்புகள் கண்டது. பாரே நான்கு மன்னர்களுக்கு அறுவையாளராக இருந்தவர் என்பதும் அதற்கு அரணாக இருந்திருக்கும்.

பாரேவுக்கு லத்தீன் தெரியாது, வேறு வழியின்றிப் பிரெஞ்சில் எழுதினார், இதில் கொள்கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடை எழலாம். நியாயமான தடைதான், அதுவே என் வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. மொழிப்பற்றைவிட முந்தியது தொழிலின் தேவை. படிக்க வேண்டியவர் களத்தில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்த மொழியில் நூல் வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தேவையை உணர்ந்த லத்தீன் அறிஞர்களும் இருந்தார்கள். லியோனில் ழான் கனாப் என்ற மருத்துவர் அறுவைத் தொழிலாளருக்குப் பிரெஞ்சில் பாடம் சொன்னார்; பண்டைக் கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களை அவர்களுக்காக மொழிபெயர்த்தார். மோன்பெலியே பல்கலைக்கழகத்தின் லொரான் ழூபேர் 1578இல் மருத்துவம் பற்றிய மக்களின் தவறான நம்பிக்கைகளை ஆராய்ந்து பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். கருவுறுதல், மகப்பேறு ஆகியவற்றைச் சாதாரண மொழியில் பேசியது பெரிய சர்ச்சையாயிற்று. லத்தீனில் எழுதியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். லத்தீன் துல்லியத்துக்கான கருவியாக மட்டும் இருக்கவில்லை, திரையாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தத் திரையைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தவர் நாடக ஆசிரியர் மோலியேர். 1673இல் அரங்கேறிய ‘கற்பனை நோயாளி’ நாடகத்தின் முடிவில், அரைகுறை லத்தீன் பேசியே ஒருவர் மருத்துவர் பட்டம் வாங்கிவிடுகிறார். சிரிப்பு பீடத்தை அசைக்கவில்லை. நிறுவனங்கள் மாற வேண்டியிருந்தது. 1731இல் அறுவையாளர்களுக்கென ஓர் அரச கழகம் அமைந்தது. 1743இல் அரச அறிவிப்பு ஒன்று அறுவையாளரை நாவிதரிடமிருந்து பிரித்தது. பிரெஞ்சுப் புரட்சி பழைய பீடங்களை மூடிவிட்டு, 1794 டிசம்பரில் பாரிஸ், மோன்பெலியே, ஸ்த்ராஸ்பூர் ஆகிய மூன்று ஊர்களில் புதிய பள்ளிகளைத் திறந்தது. மருத்துவமும் அறுவையும் ஒரே கூரையின் கீழ், நோயாளியின் படுக்கையருகில், பிரெஞ்சில் கற்பிக்கப்பட்டன. அப்பள்ளிகளுக்கு இட்ட பெயர் ‘எக்கோல் தெ சான்தே’, நலப் பள்ளி. மது அருந்துமுன் கோப்பையை உயர்த்தி வாழ்த்தும்போது மக்கள் சொல்லும் அதே ‘சான்தே’.

அப்படியானால் இன்றைய மருத்துவப் பேச்சில் கிரேக்கச் சொற்கள் ஏன் குவிந்து கிடக்கின்றன, கடைசியில் வென்றது படித்தவர்கள்தானே என்று கேட்கலாம். அந்தச் சொற்களில் பல லத்தீன் காலத்தின் எச்சம் அல்ல. பிரெஞ்சில் மருத்துவம் எழுதியவர்களே புதிதாக ஆக்கியவை. 1816இல் நெஞ்சொலி கேட்கும் குழாயைக் கண்டறிந்த லயென்னெக் அதற்குக் கிரேக்க வேரிலிருந்து ‘ஸ்தெத்தொஸ்கோப்’ என்று பெயரிட்டார். 1819இல் வந்த தம் நூலில் அதை வெறுமனே ‘சிலேந்த்ர்’, உருளை, என்றும் குறித்தார். புதிய பொருளுக்கும் நோய்க்கும் குழப்பமில்லாத பெயர் தேவைப்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் மக்கள் அந்தப் பெயர்களையும் தம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண் மருத்துவர் ‘ஒஃப்தால்மோ’, வயிற்றுப்போக்கோடு வரும் தொற்று ‘காஸ்த்ரோ’ என்று வால் நறுக்கப்பட்டுத் தெருவில் நடமாடுகின்றன. மருத்துவருக்கே ‘தூபிப்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அது வட ஆப்பிரிக்காவின் அரபிலிருந்து வந்தது.

மக்களின் சொல் துல்லியமற்றது என்ற குற்றச்சாட்டையும் ஒருமுறை உரசிப் பார்க்கலாம். ‘மால் ஓ கேர்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘இதயத்தில் வலி’. ஆனால் பிரெஞ்சுக்காரர் அப்படிச் சொன்னால் அவருக்குக் குமட்டுகிறது என்று பொருள். புதிதாகப் படிப்பவர் இதைக் கேட்டு மாரடைப்பு என்று பதறிவிடக்கூடும். இது பாமரரின் பிழை என்று தள்ளவும் முடியாது. கிரேக்கத்தின் ‘கார்தியா’வும் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் சேர்த்தே குறித்தது, இரைப்பையின் அந்த வாய்க்கு மருத்துவ நூல்களில் இன்றும் அதுவே பெயர். நாமும் புளித்த ஏப்பம் மேலெழுந்தால் ‘நெஞ்சு கரிக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, இன்றைய ஜிப்மரின் முன்னோடி, இந்த மருத்துவப் பிரெஞ்சைத்தான் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தது. இன்று பாரிசில் குடியேறிய ஈழத் தமிழர் மருத்துவரின் அறையில் இதே மொழியில்தான் தம் வலியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே மருத்துவர் முதலில் கேட்பது ‘ஊ அவே வூ மால்’, எங்கே வலிக்கிறது என்பதுதான். தமிழில் வலி ‘எனக்கு’ வருகிறது. பிரெஞ்சில் ‘நான்’ வலியை வைத்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கிய அமைப்பும் இருபது உறுப்புகளின் பெயர்களும் கைவந்தால் நோயாளி தன் நிலையைச் சொல்லிவிடலாம். ஆகவே கற்பவர் நாவித அறுவையாளர் பேசிய சொற்களிலிருந்து தொடங்கட்டும். கிரேக்கப் பெயரை மருத்துவர் ஓர்தொனான்சில் எழுதிக் கொடுப்பார்.