வெள்ளத்தில் மூழ்கிய நெல்லும் ஒரு மரபணுக் குடும்பமும்

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான். ஆனால் பயிர் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் நெல்லும் அழுகிப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலான ரகங்கள் பிழைப்பதில்லை. ஆற்றோரத் தாழ்நிலங்களில் பயிரிடும் ஆசிய உழவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் துயரம். இதற்கு ஒரு தீர்வு, நெல்லுக்குள்ளேயே இருந்த ஒரு மரபணுக் குடும்பத்திலிருந்து கிடைத்தது.

மரபணுக்களை ஆளும் மரபணுக்கள்

ஒரு செல்லில் உள்ள எல்லா மரபணுக்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதைச் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. இவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, பிற மரபணுக்களை முடுக்கிவிடும் அல்லது அடக்கிவைக்கும். இவற்றைப் படியெடுத்தல் காரணிகள் என்பர். இவற்றை உருவாக்கும் மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒரு மரபணு பரிணாமத்தின் போக்கில் பலமுறை நகலாகிறது. ஒவ்வொரு நகலும் சிறிது சிறிதாக மாறி வெவ்வேறு வேலைகளை ஏற்றுக்கொள்கிறது.

தாவரங்களில் இத்தகைய மரபணு முதலில் தெரியவந்தது ஒரு தானியத்தில்தான். மக்காச்சோள மணிக்கு ஊதா நிறம் தரும் சி1 என்ற மரபணு இவ்வகையைச் சேர்ந்தது என்பது 1987-ல் வெளியானது. 1995-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் புகையிலையில் மற்றொரு வகையைக் கண்டறிந்தனர். எத்திலீன் வாயுவுக்குப் பதில்வினை புரியும் அந்தக் குடும்பத்துக்கு ஈ.ஆர்.எஃப். என்று பெயர். நெல்லில் இக்குடும்பத்து மரபணுக்கள் 139 இருப்பதாக 2006-ல் கணக்கிடப்பட்டது.

ஒடிசாவின் நாட்டு நெல்

ஒடிசாவில் தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. 1970-களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல ரகங்களைத் தண்ணீரில் மூழ்கவைத்துச் சோதித்தது. அதில் எஃப்.ஆர்.13ஏ சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைத்தது. ஆனால் அதன் விளைச்சல் குறைவு, அரிசியும் தரமானதாக இல்லை.

1996-ல் கெனாங் சூ, டேவிட் மாக்கில் ஆகியோர் இந்தத் தாங்கும் தன்மையின் பெரும்பகுதி 9-ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டினர். அவ்விடத்துக்கு சப்1 என்று பெயரிட்டனர். பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு 2006-ல் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அங்கே ஈ.ஆர்.எஃப். குடும்பத்து மரபணுக்கள் மூன்று அருகருகே இருந்தன. அவற்றில் சப்1ஏ என்பதே பயிரைக் காப்பது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான், அதாவது 2005-ல், நெல்லின் முழு மரபுத்தொகுதி வெளியாகியிருந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். அந்த ரகத்தில் சப்1ஏ கிடையாது! உலகமே பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தில் இல்லாத மரபணு, ஒடிசா உழவர்களின் விதையில் இருந்தது.

அடங்கிப் பிழைப்பதும் வளர்ந்து பிழைப்பதும்

மூழ்கிய பயிரிலிருந்து எத்திலீன் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. சாதாரண நெல் உடனே உயர்ந்து வளரப் பார்க்கும். சேமித்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து, வெள்ளம் வடிவதற்குள் சோர்ந்து சாகும். சப்1ஏ உள்ள நெல் வளர்ச்சியை அடக்கி, சத்தை மிச்சம் பிடித்து, வெள்ளம் வடிந்தபின் மறுபடி துளிர்க்கும்.

2009-ல் ஜப்பானில் மோட்டோயுகி அஷிகாரியின் குழு ஆழநீர் நெல்லில் ஸ்நார்கல்1, ஸ்நார்கல்2 என்ற மரபணுக்களைக் கண்டது. இவையும் அதே ஈ.ஆர்.எஃப். குடும்பம்தான். ஆனால் இவற்றின் வேலை நேர்மாறானது. தண்டை வேகமாக நீளச்செய்து இலைகளை நீருக்கு மேலே கொண்டுவருகின்றன. சில நாட்களில் வடியும் வெள்ளத்துக்கு அடக்கம் உதவும், மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்துக்கு வளர்ச்சி உதவும். ஒரே குடும்பத்தில் இரண்டு வழிகளும் இருக்கின்றன.

வயலுக்குத் திரும்பிய விதை

சப்1 பகுதி, கிழக்கிந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்ட ஸ்வர்ணா ரகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. வழக்கமான ஒட்டுக்கலப்பையே, டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தனர். ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் 2009-ல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் பழக்கமான சி.ஆர்.1009 ரகத்துக்கும் பின்னர் சப்1 வடிவம் வந்தது.

ஒடிசாவில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்வான நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி உழவர்களிடம் இருந்தன. எனவே புதிய விதையால் கூடுதல் பயன் பெறக்கூடியவர்களும் அவர்களே என்றது அந்த ஆய்வு.

சப்1ஏ எல்லா வெள்ளத்துக்கும் மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அதுவும் பயிரைக் காப்பாற்றாது. அதைத் தாண்டி உதவும் மரபணு வேறொரு நாட்டு நெல்லில் இருக்கக்கூடும். விளைச்சல் குறைவு என்று பழைய ரகங்களைக் கைவிட்டால், அதைத் தேடுவதற்கு விதையே மிஞ்சாது. தால்புட்டியாவைக் கைவிடாமல் பயிரிட்டுவந்த, பெயர் தெரியாத உழவர்கள் இந்த வரலாற்றின் முதல் ஆராய்ச்சியாளர்கள் எனலாம்.