போர்க்கால பேஸ்பால்: 1945-ல் அதிக ஓட்டங்கள் எடுத்தவர்கள் யார்?

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் சீசனில், நேஷனல் லீக் பிரிவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் வீரர் எடி ஸ்டான்கி 128 ஓட்டங்களுடன் முதலிடம் பிடித்தார். அவரது சக வீரர் கூடி ரோசன் 126 ஓட்டங்களும், பாஸ்டன் பிரேவ்ஸ் அணியின் டாமி ஹோம்ஸ் 125 ஓட்டங்களும் எடுத்து அடுத்தடுத்த இடங்களைப் பெற்றனர்.

அமெரிக்கன் லீக் பிரிவில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஜார்ஜ் ஸ்டெர்ன்வைஸ் 107 ஓட்டங்களுடன் முன்னிலை வகித்தார். 1944-லும் 125 ஓட்டங்களுடன் அவருக்கே அப்பிரிவில் முதலிடம் கிடைத்தது.

கிரிக்கெட் ரசிகர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேஸ்பாலில் மூன்று தளங்களையும் கடந்து, புறப்பட்ட இடமான ‘ஹோம் பிளேட்’டுக்குத் திரும்பும் வீரரின் கணக்கிலேயே ஓட்டம் சேரும். பந்தை அடித்து அவர் திரும்ப வழிசெய்தவருக்குரிய கணக்கு வேறு. ஆகவே, இப்பட்டியலில் இடம்பெற பலமாக அடிப்பதைவிட, எப்படியாவது முதல் தளத்தை அடைவதே முக்கியம்.

ஸ்டான்கி அதில் கைதேர்ந்தவர். அந்த சீசனில் அவரது பேட்டிங் சராசரி .258 மட்டுமே. எனினும், எதிரணியினர் இலக்குக்கு வெளியே நான்கு பந்துகளை வீசினால் கிடைக்கும் ‘வாக்’ வாய்ப்பை 148 முறை பெற்றார். நேஷனல் லீக்கில் அது அப்போதைய சாதனையாகும்.

இந்த எண்களை எந்த அளவுக்கு மதிப்பது என்பதே இன்றும் தொடரும் விவாதம். நாட்டு நலன் கருதி பேஸ்பால் தொடர வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் கடிதம் எழுதினார். ஆனால், ராணுவச் சேவைக்குரிய வயதுடைய வீரர்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்படவில்லை. 500-க்கும் மேற்பட்ட முதல்நிலை வீரர்கள் படையில் சேர்ந்தனர். ஒரு கையை இழந்த பீட் கிரே, 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக 77 ஆட்டங்களில் களமிறங்கினார்.

வயிற்றுப்புண் காரணமாக ராணுவச் சேவையிலிருந்து விலக்கு பெற்றிருந்த ஸ்டெர்ன்வைஸ், 1945-ல் .309 சராசரியுடன் பேட்டிங் பட்டத்தையும் வென்றார். முன்னணி வீரர்கள் திரும்பிய 1946-ல் அவரது சராசரி .251 ஆகச் சரிந்தது.

ஆனால், அந்தப் பட்டியலில் உள்ள அனைவரையும் ‘போர்க்கால வீரர்’ என்று ஒதுக்கிவிட முடியாது. 1947-ல் நேஷனல் லீக்கில் அதிக ‘ஹிட்’ அடித்தவர் ஹோம்ஸ். நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு மாறிய ஸ்டான்கி, 1950-ல் 144 ‘வாக்’குகளுடன் 115 ஓட்டங்கள் எடுத்தார்.

பட்டியலில் இல்லாத பெயரையும் இங்கு குறிப்பிட வேண்டும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ், 1942-ல் 141 ஓட்டங்களுடன் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றுவிட்டு விமானிப் பயிற்சிக்குச் சென்றார். அடுத்த மூன்று சீசன்களில் அவர் விளையாடவில்லை. 1946-ல் திரும்பியதும் 142 ஓட்டங்களுடன் மீண்டும் அதே இடத்தைப் பிடித்தார்.