நியூரம்பெர்க்கில் ஒரு தொடக்க உரை

சினிமாவில் வக்கீல் எழுந்து "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்தாலே கைதட்டல் விழும். நிஜ வழக்கில் தொடக்க உரைக்கு வேலை வேறு. அது சாட்சியம் அல்ல. எதை நிரூபிக்கப் போகிறோம், எதை வைத்து நிரூபிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு. கொடுத்த வாக்கு பொய்த்தால் வழக்கே ஆட்டம் கண்டுவிடும்.

இதற்கு வரலாற்றில் சிறந்த உதாரணம், 1945 நவம்பர் 21 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ராபர்ட் ஜாக்சன் ஆற்றிய உரை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான அவரை அதிபர் ட்ரூமன் அந்த ஆண்டு மே மாதம் தலைமை வழக்கறிஞராக நியமித்திருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், ஜாக்சனிடம் சட்டப் பட்டம் கிடையாது. ஓராண்டு மட்டும் சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு, மற்றதை வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தே கற்றவர்!

அவர் முன் இருந்த சிக்கல் பெரியது. வென்றவர்களே வழக்குத் தொடுத்து வென்றவர்களே தீர்ப்பும் சொல்வதா, குற்றம் நடந்தபோது இல்லாத சட்டத்தை வைத்துத் தண்டிப்பதா என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தனர். அன்று காலைதான் அது தள்ளுபடியானது. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கோரிங் ஓர் அறிக்கை வாசிக்கப் பார்த்தார். நீதிபதி லாரன்ஸ் அனுமதிக்கவில்லை. ஹெஸ் "இல்லை" என்று ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார்.

ஜாக்சன் தன் வழக்கின் பலவீனத்தை மறைக்கவில்லை. வென்றவர்கள் தோற்றவர்களை விசாரிப்பதில் உள்ள சங்கடத்தை அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு இரண்டு வாக்குகள் கொடுத்தார்.

முதல் வாக்கு: எதிரிகளின் வாய்ச்சொல்லை நம்பி இவர்களைத் தண்டிக்கக் கேட்க மாட்டோம், இவர்களுடைய சொந்தக் காகிதங்களே பேசும். இதற்குப் பின்னால் ஒரு தகராறும் இருந்தது. நேரடி சாட்சிகள்தான் வழக்குக்கு உயிர் கொடுக்கும் என்று வாதாடிய உளவுத் துறைத் தலைவர் டோனவன் அந்த மாதமே விலகினார். ஆனால் ஆவணங்களின் பலம் உரையிலேயே தெரிந்தது. 1943இல் வார்சா யூதக் குடியிருப்பை அழித்ததைப் பற்றி எஸ்எஸ் அதிகாரி ஸ்ட்ரூப், படங்களோடு தோல் அட்டை போட்டுத் தயாரித்த அறிக்கையை ஜாக்சன் காட்டினார். அதில் 56,065 பேர் என்று அவர்களே கணக்கு எழுதி வைத்திருந்தனர்.

இந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. 1946 மார்ச்சில் கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்தபோது ஜாக்சன் தடுமாறினார், மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றில் மாட்டிக்கொண்டார். ஆனாலும் வழக்கு சாயவில்லை. அதைத் தாங்கி நின்றவை ஆவணங்கள். 1946 அக்டோபர் 1 அன்று 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை. ஷாக்ட், பாப்பன், ஃபிரிட்ஷே ஆகிய 3 பேர் விடுதலை! முடிவை முன்பே எழுதி வைத்த நாடகமல்ல என்பதற்கு இந்த விடுதலைகளே சான்று.

இரண்டாவது வாக்கு: ஆக்கிரமிப்புப் போரைத் தண்டிக்கும் இந்தச் சட்டம், இங்கே நீதிபதிகளாக அமர்ந்திருக்கும் நாடுகளுக்கும் பொருந்தும். அது என்ன ஆனது? 1939இல் ஹிட்லரோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுப் போலந்தைப் பங்கு பிரித்த சோவியத் ஒன்றியமும் நீதிபதி இருக்கையில் இருந்தது. தாங்கள் செய்த காட்டின் படுகொலையையே ஜெர்மானியர் மீது சுமத்தியது. தீர்ப்பு அதைப் பற்றி மௌனம் காத்தது. 1990இல்தான் மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது.

2002இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது. ஜாக்சனின் சொந்த நாடான அமெரிக்கா அதில் உறுப்பினர் அல்ல. முதல் வாக்கை ஜாக்சன் பத்தே மாதத்தில் நிறைவேற்றிக் காட்டினார். இரண்டாவதை நிறைவேற்ற ஒரு வக்கீலால் முடியாது. அது நாடுகளின் கையில் இருக்கிறது, இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.